மந்திர வாகனத்தின் கடிவாளம்

குழந்தைகளுக்கென்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கற்பனைக் கதைகளைக் காலவரிசையாக எடுத்து வைத்துப் படித்துக்கொண்டு வருகிறவருக்கு, அவற்றின் ஆசிரியர்கள் நான்கு சுவருக்குள் அடைபட்ட பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதற்கு ஏதேனும் ஒரு வாகனத்தைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது விளங்காமல் போகாது. கம்பளம், நாற்காலி, கட்டில், பொம்மைக் கப்பல், மோட்டார் கார் என்று அந்த வாகனம் மாறி மாறி வந்திருக்கிறது. ரூபம் எதுவானாலும், அது கதைக்குள் நுழைந்த மாத்திரத்தில் ஒரு கேள்வியும் கூடவே நுழைந்துவிடுகிறது: ஆணையிடும் அதிகாரம் யாருக்கு? ஏறி அமர்ந்த குழந்தைக்கா, அதைச் செய்து முடித்த பெரியவருக்கா, அல்லது அந்த வாகனத்துக்கேயா? இந்தக் கேள்விக்கு ஆசிரியர் அளிக்கும் விடையைப் பொறுத்தே கதையின் சுவையும் குறையும் அமைகின்றன என்பது என் அபிப்பிராயம். அதைப் பரிசீலிப்பதற்கு மிகவும் தகுந்த நூல், இயான் ஃபிளெமிங் எழுதி 1964-இல் வெளிவந்த ‘சிட்டி சிட்டி பேங் பேங்’ என்னும் பறக்கும் காரின் கதை. ஆயினும் அதன் விசேஷத்தை உணர்வதற்கு, அதற்கு முன் ஓடிய வாகனங்களையும் சற்றுப் பார்த்துவிட்டு வருவதே முறை.

இந்த வம்சாவளியில் முதலில் வணங்கத் தக்கவர் ஈ. நெஸ்பிட் அம்மையார். 1904-இல் அவர் வெளியிட்ட ‘ஃபீனிக்ஸும் கம்பளமும்’ என்ற கதையில், வாணவேடிக்கை கொளுத்திப் பார்த்துத் தங்கள் அறைக் கம்பளத்தைப் பொசுக்கிவிட்ட பிள்ளைகளுக்கு, அதற்குப் பதிலாக வாங்கி வந்த பழைய கம்பளமே மந்திரக் கம்பளமாக வாய்க்கிறது. எங்கே போக வேண்டும் என்று குழந்தை சொல்கிறதோ அங்கே போவது அதன் சுபாவம். ஆனால் நாள் ஒன்றுக்கு மூன்று விருப்பங்களுக்கு மேல் அது நிறைவேற்றாது. இந்த மூன்று என்ற கணக்கில்தான் கதையின் ஹாஸ்யம் முழுவதும் அடங்கியிருக்கிறது. யோசனையின்றிச் சொல்லிவிட்ட ஒரு வார்த்தை வீணாகிறது. அவசரத்தில் கேட்டது அனர்த்தமாக முடிகிறது. மேலும், நித்தமும் உழைத்த கம்பளம் நைந்து கிழிந்துபோக, பிள்ளைகள் கம்பளி நூலை வாங்கி வந்து ஓட்டையைத் தைத்து அடைக்கிறார்கள். தைத்த இடத்துக்கு மந்திரம் கிடையாது! தேய்ந்துபோகக் கூடிய மந்திரம் என்ற இந்த ஒரு கற்பனைக்காகவே நெஸ்பிட்டை மேதை என்று சொல்லிவிடலாம். ஆணை குழந்தையிடம் இருக்கிறது; அந்த ஆணையின் பலனை அனுபவிக்கும் பொறுப்பும் குழந்தையின் தலையிலேயே விழுகிறது.

அவர் வகுத்த பாதையில் பின்னால் வந்தவர்கள் தத்தமக்கு ஏற்ற கட்டுப்பாடுகளை அமைத்துக்கொண்டார்கள். எனிட் பிளைட்டனின் ‘மந்திர நாற்காலி’ 1937-இல் வந்தது. அதன் கால்களில் சிறு சிவப்புச் சிறகுகள் முளைக்கும், ஆனால் அவை முளைப்பது நாற்காலிக்கு இஷ்டமான வேளையில்தான். 1939-இல் ஹில்டா லூயிஸ் எழுதிய ‘பறந்த கப்பல்’ கதையில், பீட்டர் என்ற சிறுவன் ஒரு கடையில் கண்ட சின்னஞ்சிறு கப்பலுக்கு விலை, அவன் கையில் உள்ள காசு அனைத்தும், அதற்கு மேலும் கொஞ்சம். வளர்ந்து பெரியவர்களாகும்போது அந்தப் பிள்ளைகள் கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. 1940-களில் மேரி நார்ட்டன் படைத்த கட்டிலோ, அதன் குமிழைச் சுற்றுவது கடைசிப் பையனான பால் என்பவனாக இருந்தால் மட்டுமே புறப்படும். ஒரு பக்கம் திருகினால் நிகழ்காலத்தில் விரும்பிய இடத்துக்கும், மறுபக்கம் திருகினால் கடந்த காலத்துக்கும் அழைத்துப் போகும். நேரம், விலை, வயது, ஆள் என்று கட்டுப்பாடு வெவ்வேறாக இருந்தாலும், நெஸ்பிட் உட்பட இந்த நால்வரும் ஒரு தத்துவத்தில் ஒன்றுபடுகிறார்கள்: விரும்புகிறவர் குழந்தை, வாகனம் அந்த விருப்பத்துக்குச் சேவகம் செய்வது.

மற்றொரு மரபு பிரான்ஸிலிருந்து வந்தது. ஜூல் வெர்ன் 1863-இல் எழுதிய ‘பலூனில் ஐந்து வாரங்கள்’ முதலாக, அவருடைய வாகனங்கள் எல்லாம் யந்திர சாஸ்திரத்தின் துணைகொண்டு இயங்குகிறவை. பலூனுக்குள் அடைத்த வாயுவைச் சூடாக்கி ஏறுவது எப்படி, ஆறவிட்டு இறங்குவது எப்படி என்று விளக்காமல் அவர் ஓர் அங்குலமும் மேலே பறக்க மாட்டார். நெஸ்பிட்டின் கம்பளம் வெளிவந்த அதே 1904-இல் வெர்ன் வெளியிட்ட ‘உலகின் எஜமானன்’ என்ற நாவலில், சாலையில் ஓடி, நீரில் மிதந்து, நீருக்கடியில் முழுகி, வானத்திலும் பறக்கிற ஒரே வாகனம் வருகிறது. ஆனால் அது ரோபர் என்ற அகங்காரியின் கைவசம் இருக்கிறது. புயலையே எதிர்த்துப் போகத் துணிந்த அவனுடைய கர்வத்தின் மீது இடி விழுந்து கதை முடிகிறது. செய்தவனே எஜமானன் என்பது இந்த மரபின் விதி. அதனால் வியப்பும் அச்சமும் உண்டாகின்றனவே தவிர, அந்த வாகனத்தின்மீது யாருக்கும் பிரியம் உண்டாவதில்லை. நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் செல்லும் வெர்னின் யந்திரமும், பிள்ளைகளோடு உறவாடும் நெஸ்பிட்டின் மந்திரமும் ஒரே வண்டியில் சேர்வதற்கு அறுபது வருஷம் பிடித்தது.

அப்படிச் சேர்த்தவர் குழந்தை எழுத்தாளர் அல்லர். ஜேம்ஸ் பாண்ட் என்ற உளவாளியைச் சிருஷ்டித்து உலகப் புகழ் எய்தியிருந்தவர். 1961 ஏப்ரலில், தாம் பணியாற்றிய ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையின் ஆலோசனைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும்போதே ஃபிளெமிங்குக்கு மாரடைப்பு வந்தது. ஓய்வு கொள்ளும்படி வைத்தியர்கள் கட்டளையிட்டார்கள். அந்த வேளையில் பார்க்க வந்த நண்பர் ஒருவர், பியாட்ரிக்ஸ் பாட்டரின் அணில் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, மகன் காஸ்பருக்கு இரவில் சொல்லிவந்த கதையை இப்போது எழுதி வைத்தால் என்ன என்று தூண்டினார். தட்டச்சு யந்திரம் மறுக்கப்பட்டிருந்தமையால் அவர் கையாலேயே எழுதினார். ஆயினும் அச்சான புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. 1964 ஆகஸ்டு 12-ஆம் தேதி, காஸ்பருக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த அன்றே, ஃபிளெமிங் காலமானார். கதை அவ்வருஷம் அக்டோபர் தொடங்கி மூன்று சிறு பாகங்களாக ஜோனதன் கேப் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. உளவுக் கதைகளில் துப்பாக்கியின் பெயரையும் மதுவின் கலவையையும் கூடப் பிசகாமல் எழுதும் வழக்கமுடைய அவர், அதே நுட்பத்தை இந்தக் காருக்கும் அளித்தார். குழந்தைகளுக்குத்தானே என்று எந்த விவரத்தையும் அவர் தளர்த்தவில்லை.

அந்த நுட்பத்துக்கு ஆதாரமாக உண்மையான கார் ஒன்றும் இருந்தது. கான்டர்பரி நகருக்கு அருகில் ஹைம் பார்க் என்ற மாளிகையில் வாழ்ந்த லூயி ஸ்பரோவ்ஸ்கி என்ற செல்வந்தப் பிரபு, முதல் உலக யுத்தம் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த ஆகாய விமான யந்திரங்களை வாங்கிப் பழைய மெர்சிடிஸ் கார்ச் சட்டத்தில் பொருத்திப் பந்தயக் கார்கள் செய்தார். முதலாவது காருக்கு மேபாக் கம்பெனியின் 23 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் யந்திரம்; இன்று நம் தெருவில் ஓடும் சிறிய காரின் யந்திரம் ஒரு லிட்டரைச் சுற்றியே இருக்கிறது என்பதை நினைத்தால் அதன் பிரம்மாண்டம் புலப்படும். 1921-ஆம் வருஷ ஈஸ்டர் சமயத்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் அது வெற்றி கண்டது. ‘சிட்டி பேங் பேங்’ என்பதுதான் அதன் பெயர். பிரபுவின் தந்தை 1903-இல் கார்ப் பந்தயத்தில் உயிரிழந்தவர். மகனும் 1924-இல் இத்தாலியில் மான்ஸா திடலில் அவ்வாறே மாண்டார். அவர் விட்டுச்சென்ற 27 லிட்டர் கார் ஒன்றை வாங்கிய பாரி தாமஸ் என்பவரும் 1927-இல் வேல்ஸ் தேசத்துப் பெண்டைன் கடற்கரையில் வேக சாதனைக்கு முயன்றபோது அதிலேயே இறந்தார். முதலாவது காரோ, கேட்பாரின்றித் துருப்பிடித்து, கடைசியில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. இத்தனை மரணங்களுக்கு நடுவிலிருந்து ஃபிளெமிங் எடுத்துக்கொண்டது பெயரையும், வாகனத்தின் மூர்க்கமான உற்சாகத்தையும் மட்டுமே. அவருடைய கதை, உடைப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு காரை ஒரு குடும்பம் மீட்டுக்கொண்டு வருவதில் தொடங்குகிறது. நிஜத்தில் அழிந்த வண்டிக்கு எழுத்தில் ஓர் ஆயுள் கிடைத்தது என்று கொள்ளலாம்.

கதை இவ்வளவுதான். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கமாண்டர் கராக்டகஸ் பாட் ஒரு புதுக் கருவிப் பித்தர். மனைவி மிம்ஸி, எட்டு வயது இரட்டையர் ஜெரமி, ஜெமிமா ஆகியோருடன் கையில் காசில்லாமல் காலம் தள்ளுகிறவர். ஊதினால் விசில் அடிக்கும் மிட்டாய் ஒன்றை அவர் கண்டுபிடித்து மிட்டாய் ஆலை முதலாளிக்கு விற்க, வந்த பணத்தில் குடும்பம் ஒரு கார் வாங்கப் புறப்படுகிறது. பளபளக்கும் புது வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு, உடைக்கப் போகும் தறுவாயில் கிடக்கும் ‘பாரகன் பாந்தர்’ என்ற பழைய பந்தயக் காரிடம், 12 சிலிண்டரும் 8 லிட்டரும் கொண்ட அந்த முதுபெரும் யந்திரத்திடம், அவர்கள் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். கமாண்டர் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு பல மாதங்கள் உழைத்துச் செப்பனிடுகிறார். இந்த இடத்தில் ஃபிளெமிங் கதையின் அஸ்திவாரத்தை வெகு சாமர்த்தியமாகப் போட்டுவிடுகிறார். காலையில் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால், இரவில் தாம் இல்லாத நேரத்தில் காரில் சில மாறுதல்கள் தாமே நேர்ந்திருப்பதாகவும், முகப்புப் பலகையில் உள்ள குமிழ்களில் சில எதற்கென்று தமக்கே தெரியவில்லை என்றும் கமாண்டர் குடும்பத்தாரிடம் ஒப்புக்கொள்கிறார். செய்தவனே எஜமானன் என்ற வெர்னின் விதி அந்தக் கணத்தில் ரத்தாகிவிடுகிறது.

அதன் விளைவைக் காண நாம் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போகிற கார்கள் எல்லாம் சாலையில் எறும்பு வரிசையாக நின்றுவிட, சிட்டியின் உடம்பு கொதிக்கத் தொடங்குகிறது. முகப்புப் பலகையில் ஒரு விளக்கு எரிந்து, குமிழை இழுக்கும்படி எழுத்தில் கட்டளை பிறக்கிறது. ஓட்டுகிறவர் தயங்குகிறார். உடனே அந்தக் கட்டளைக்குப் பக்கத்தில் ‘மடையா’ என்ற பொருள்பட ஒரு சொல்லும் சேர்ந்து ஒளிர்கிறது! இழுத்ததும் சக்கரங்களின் மேலுள்ள தகடுகள் பக்கவாட்டில் விரிந்து இறக்கைகளாகின்றன. முன்புறக் கம்பித் தட்டி திறந்து விசிறி வெளிப்படுகிறது. கார் ஆகாயத்தில் எழும்புகிறது. இந்தச் சிறு காட்சியில் குழந்தைக் கதையின் அதிகார முறை தலைகீழாகப் புரட்டப்பட்டிருக்கிறது. கப்பற்படையில் ஆணையிட்டுப் பழகிய தகப்பனாரை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வண்டி அதட்டுகிறது. படிக்கும் குழந்தைக்கு இதைவிட ஆனந்தம் வேறென்ன வேண்டும்? அதே சமயத்தில் தகப்பனாரின் கௌரவமும் கெடுவதில்லை. ஏனெனில் அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கிற சுபாவம் உடையவர், வாழ்க்கையில் எதிர்ப்படும் சாகசங்களை வேண்டாம் என்று ஒதுக்கலாகாது என்று போதிக்கிறவர்.

காருக்குச் சுயபுத்தி அளித்த ஃபிளெமிங், அது பறந்து இறங்கும் பூமியை மட்டும் கற்பனை செய்யவில்லை. கார் முதலில் இறங்குவது குட்வின் மணல்திட்டில். கென்ட் கடற்கரையில் டீல் நகருக்கு எதிரே சில கிலோமீட்டர் தொலைவில், பதினாறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் கிடக்கும் அந்தத் திட்டு, நீர் வடியும்போது வெளிப்பட்டு, ஏறும்போது மறைந்துவிடுவது. எண்ணற்ற கப்பல்களை விழுங்கியது. 1954 நவம்பரில் அங்கே நிறுத்தியிருந்த எச்சரிக்கை விளக்குக் கப்பலே புயலில் நங்கூரம் அறுந்து கவிழ, அதிலிருந்த மாலுமிகள் எழுவர் மாண்டார்கள். அந்தக் கரையோரத்தில் வீடு வைத்துக்கொண்டு வசித்த ஃபிளெமிங்குக்கு அந்த மணலின் குணம் நன்றாகத் தெரியும். ஆகவே, அதன்மேல் உணவருந்திக் கண்ணயர்ந்த குடும்பத்தை அலை சூழ்ந்துகொள்ளும் கட்டம் வெறும் பயமுறுத்தலாக இல்லாமல் நிஜமான ஆபத்தாகவே நம் மனத்தில் படுகிறது. அப்போது சிட்டி தன் சக்கரங்களைப் படுக்கையாகத் திருப்பிக்கொண்டு நீர்மேல் விரைந்து பிரான்ஸை நோக்கிப் போகிறது. பூகோளம் மெய்யாக இருப்பதனால்தான், கார் கடலில் ஓடுவதையும் நாம் நம்பிவிடுகிறோம்.

இத்தனை சிறப்பும் சேர்ந்த இடத்திலேயே ஒரு பெரிய இடையூறும் பிறக்கிறது. ஆபத்தை முன்னறிவதும், வழி கண்டுபிடிப்பதும், தப்பிக்க வைப்பதும் வாகனமே என்றால், பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு வேலை என்ன? முதல் இரண்டு பாகங்களில் ஜெரமியும் ஜெமிமாவும் பெரும்பாலும் பிரயாணிகளே. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் குணவேற்றுமையும் அவர்களுக்குப் போதிய அளவில் அமையவில்லை. தாயார் மிம்ஸியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. நெஸ்பிட்டின் கதையில் வாகனத்துக்கு எல்லை இருந்தது, பிள்ளைகளுக்குப் பொறுப்பு இருந்தது. இங்கே வாகனத்துக்கு எல்லை இல்லாமற்போகவே பொறுப்பும் மறைந்துவிட்டது. ஃபிளெமிங் இதை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. கடைசிப் பகுதியில் அவர் குழந்தைகளை வாகனத்திலிருந்து பிரித்துவிடுகிறார். பிரெஞ்சுக் கரையிலுள்ள குகையில் ஒளித்து வைத்த ஆயுதக் குவியலை இழந்த ஜோ என்ற கொள்ளைக்காரனும் அவன் கூட்டாளிகளும் இரட்டையரைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் சென்று, அங்கே போன்போன் என்பவரின் புகழ்பெற்ற சாக்லேட் கடையைக் கொள்ளையிட அவர்களைக் கருவியாக்கப் பார்க்கிறார்கள். கடைக்காரரைக் குழந்தைகள் தங்கள் சமயோசித புத்தியினாலேயே எச்சரித்துவிடுகிறார்கள். சிட்டி ரேடாரின் உதவியால் தடம் பிடித்துப் பெற்றோரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. கொள்ளைக்காரர்கள் சினிமாப் பொம்மைகள் போன்றவர்கள்தாம். ஆனாலும் இந்தப் பாகம் இல்லாவிட்டால் நூலில் கதாநாயகனாகக் கார் ஒன்றே எஞ்சியிருக்கும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘போர்க்கா’ என்ற வாத்தின் கதைக்காக விருது பெற்றுப் பெயர் எடுத்திருந்த இளைஞர் ஜான் பர்னிங்காம் இந்நூலுக்குச் சித்திரம் தீட்டினார். அவருடைய கோடுகளில் யந்திரத்தின் கம்பீரத்தோடு ஒரு வயோதிகச் செல்லப்பிராணியின் முகபாவமும் தென்படுகிறது. காரை ஒரு பாத்திரமாக நம் மனத்தில் நிலைநிறுத்தியதில் அவருக்கும் பங்கு உண்டு.

1968 டிசம்பரில் லண்டனில் திரையிடப்பட்ட படம், கதையின் போக்கை வேறு திசையில் திருப்பியது. பாண்ட் படங்களின் தயாரிப்பாளர் ஆல்பர்ட் பிராக்கோலி எடுத்தது அது; கென் ஹியூஸ் இயக்க, அவருடன் திரைக்கதை எழுதியவர் ரோவால்ட் டால். இதில் ஒரு பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். டாலின் சாக்லேட் ஆலைக் கதையும் முதன்முதலாக வெளிவந்தது 1964-இல்தான். அதன் முடிவிலும் ஒரு கண்ணாடி மின்தூக்கி கூரையைப் பிளந்து ஆகாயத்தில் பறக்கிறது. மிட்டாயும் பறக்கும் வாகனமும் ஒரே ஆண்டில் இருவர் கற்பனையிலும் கூடியிருந்தன. திரைப்படத்தில் மிம்ஸி இல்லை. தகப்பனார் மனைவியை இழந்தவர். மிட்டாய் முதலாளியின் மகள் நாயகியாகிறாள். வல்கேரியா என்ற தேசமும், குழந்தைகளை வெறுக்கும் ஆட்சியும், மிட்டாய் காட்டிப் பிள்ளைகளைப் பிடித்துப் போகும் ஒரு கொடியவனும் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். பவேரியாவின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அந்த தேசத்துக்கு அரண்மனை ஆயிற்று. கென் ஆடம் வரைந்து, ஆலன் மான் பந்தய நிறுவனத்தார் செய்த கார் சாலையில் உண்மையாகவே ஓடியது. இவ்வளவு சம்பத்து இருந்தும் முக்கியமான ஒன்று கைநழுவியது. படத்தில் கார் பறக்கும் சாகசம், கடற்கரையில் தகப்பனார் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைக்குள்ளேயே நிகழ்கிறது. ஆக, கடிவாளம் திரும்பவும் பெரியவர் கைக்குப் போய்விட்டது. தகப்பனாரை அதட்டிய கார், அவர் நினைத்தபடி நடக்கும் காராயிற்று. கடைசிக் காட்சியில் அது நிஜமாகவே எழும்பிப் பறப்பதாகக் காட்டியது, அந்தக் குறைக்குப் பிராயச்சித்தம் போலும். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: பிள்ளைகளை வெறுக்கும் தேசத்தைப் படைத்ததன் மூலம், புத்தகத்தில் மங்கலாயிருந்த குழந்தைகளின் பக்கத்தைப் படம் வலுப்படுத்தியது. ஏராளமான சிறுவர்களுக்கு இன்றும் நினைவில் நிற்பவன், ஃபிளெமிங் எழுதாத அந்தப் பிள்ளை பிடிப்பவனே.

பிற்காலத்தில், ஆணை யாருக்கு என்ற இந்தக் கேள்வியை நன்கு புரிந்துகொண்டவர்கள் இருவர். 1998-இல் வெளிவந்த ஹாரி பாட்டரின் இரண்டாம் கதையில், ஜே. கே. ரௌலிங் ஒரு சாதாரண ஃபோர்டு ஆங்ளியா காரைப் பறக்க விடுகிறார். அனுமதியின்றி அதை எடுத்துச் சென்ற பையன்கள் மரத்தில் மோதியதும், கோபித்துக்கொண்ட கார் அவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் வெளியே தள்ளிவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறது. பின்னால் அவர்கள் உயிருக்கு ஆபத்து நேரும்போது காட்டுமிருகம் போல வந்து காக்கிறது. பெரும்பாலும் அது இல்லாமலேயே கதை நடப்பதால், பிள்ளைகளின் பொறுப்பு சிறிதும் குறைவதில்லை. 2011-இல் ஃபிளெமிங் குடும்பத்தாரின் இசைவுடன் ஃபிராங்க் காட்ரெல் பாய்ஸ் எழுதிய தொடர்ச்சியில், சிட்டியின் பழைய யந்திரம் வேறொரு குடும்பத்தின் ஃபோக்ஸ்வாகன் வேனில் பொருத்தப்படுகிறது. பொருத்திய கணத்திலிருந்து அது தன் பழைய உறுப்புகளைத் தேடி அவர்களைத் தேசம் தேசமாக இழுத்துக்கொண்டு போகிறது. வாகனத்துக்குச் சொந்த விருப்பம் மட்டுமன்றிச் சொந்தக் குறையும் உண்டு என்று வைத்ததனால், அதற்குத் துணை நிற்க வேண்டிய கடமை குடும்பத்தாருக்கு வந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், குழந்தையின் கையில் ஆணை இருக்கும்போது கதை விவேகத்தைப் போதிக்கிற ஹாஸ்யமாகவும், செய்தவர் கையில் இருக்கும்போது வியப்பும் பயமும் கலந்த விஞ்ஞானக் கதையாகவும், வாகனத்திடமே இருக்கும்போது ஒரு சிநேகத்தின் கதையாகவும் அமைவது புலனாகும். மூன்றாவது வகையே இவற்றில் கடினமானது. ஏனென்றால் சகல வல்லமையும் உள்ள சிநேகிதன் எந்தக் குழந்தையையும் சோம்பேறியாக்கிவிடுவான். ஃபிளெமிங் அந்தச் சிநேகிதனை ஓர் அதட்டலிலேயே உயிர்பெறச் செய்து, அவனால் விளைந்த இடையூறைக் கடைசிப் பாகத்தில் பாதி தீர்த்துவைத்தார். ஆகவே அவர் நூலைக் குறைகளோடு கூடிய முதல்தர நூல் என்று மதிப்பதே நியாயம். படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சிட்டியை அறிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள், முகப்புப் பலகையில் விளக்கு எரியும் அந்த அத்தியாயத்தையாவது பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இனி இத்தகைய கதை எழுதப் புகுகிறவர் எவரானாலும், தம் வாகனத்துக்கு இறக்கை வைப்பதற்கு முன்னால், அதனால் செய்ய இயலாத காரியம் இன்னது என்று முடிவு செய்துகொள்வது நலம். குழந்தைக்கு உரிய வேலை அந்த இடத்தில்தான் இருக்கிறது.